பிடித்த படம், நல்ல படம்

வாடகைக்கு எடுத்துப் பார்த்த படத்தைப் பற்றி மறுநாள் காலையில் சொல்லப்படும் கருத்துக்கு இலக்கணம் எதுவும் கிடையாது. "ஒரு தடவை பார்க்கலாம்", "முதல் பாதி பரவாயில்லை, பின்பாதி இழுவை", "நடுவிலே தூங்கிவிட்டேன்", "கிளைமாக்ஸில் அழுகை வந்துவிட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்பவர் விமர்சகர் அல்லர். கேட்பவருக்கும் அந்தப் படத்தைத் தானும் எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்தால் போதும். ஆனால் அழகியலின் மிகப் பழைய வழக்கு ஒன்று இந்தச் சாதாரணப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. ஒருவருக்குப் பிடித்ததைத் தவறு என்று இன்னொருவர் சொல்ல முடியுமா? முடியாது என்றால், படங்களைப் பற்றி மனிதர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? முடியும் என்றால், எந்த அளவுகோலை வைத்து?

மேலே சொன்ன நான்கு வாக்கியங்களும் ஒரே வகையானவை அல்ல. தூங்கியதும் அழுததும் பார்த்தவருக்கு நடந்தவை. அவற்றை மறுக்க வேண்டுமென்றால் அவர் பொய் சொல்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். பின்பாதி இழுவை என்பது படத்தைப் பற்றிய பேச்சு. அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். "ஒரு தடவை பார்க்கலாம்" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; தோற்றத்தில் அறிவுரை, உள்ளே தீர்ப்பு. அன்றாடப் பேச்சில் இவை கலந்தே வருகின்றன. தூக்கம் வந்ததைப் படத்தின் குற்றமாகச் சொல்வதும், படத்தின் குற்றத்தைத் தன் அலுப்பாகச் சொல்லி நாகரிகமாக நழுவுவதும் எல்லோரும் செய்வதுதான்.

திரையரங்கில் பார்த்த படத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆனால் வாடகைப் படத்தில் அது கூர்மையாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் வாடகை என்ற ஏற்பாடுதான். 1977இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வில்ஷயர் சாலையில் ஜார்ஜ் அட்கின்சன் திறந்த சிறிய கடையே அமெரிக்காவின் முதல் வீடியோ வாடகைக் கடை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் 50 படங்கள் அந்த ஆண்டுதான் கேசட்டாக விற்பனைக்கு வந்திருந்தன. அவர் அவற்றை வாங்கி, நாளொன்றுக்கு 10 டாலர் வாடகைக்கு விட்டார். ஸ்டுடியோக்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் முறைப்படி விலை கொடுத்து வாங்கிய பிரதியை அதன் உரிமையாளர் வாடகைக்கு விட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுத்ததால் அவர்களால் தடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 1980களில் கேசட் மட்டுமல்ல, டிவியும் வீடியோ டெக்கும் சேர்ந்தே வாடகைக்கு வந்தன. ஓர் இரவுக்குக் கொடுத்த வாடகை வீணாகக் கூடாது என்று மூன்று நான்கு படங்கள் விடிய விடிய ஓடின. கூடத்தில் அண்டை வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். முதல் படத்துக்கு முழு விழிப்பு, இரண்டாவதுக்குப் பாதி, நான்காவதுக்கு டிவி மட்டும்தான் விழித்திருக்கும். மின்சாரம் இல்லாத போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டரும் சேர்த்து வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. இப்படிப் பார்த்த நான்கு படங்களையும் பற்றி மறுநாள் ஒரே உறுதியோடு கருத்துச் சொல்லப்பட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

திரையரங்கில் படம் தன் போக்கில் ஓடும். பார்ப்பவர் இருளில் உட்கார்ந்து அதற்குக் கட்டுப்பட்டிருப்பார். வாடகைப் படத்தை நிறுத்தலாம், பாட்டை ஓட்டிவிடலாம், சண்டையை மறுபடி போடலாம், அலுத்தால் பாதியில் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கருத்து பிழைபடுவதற்கான வாய்ப்புகள் இதனால் பெருகின. பிழையைச் சோதித்துத் திருத்துவதற்கான வழியும் இதே வசதியால்தான் வந்தது. இந்த இரண்டாவது விளைவைப் பலரும் கவனிப்பதில்லை.

ரசனையைப் பற்றி வாதாட இடமில்லை என்று ஐரோப்பாவில் ஒரு லத்தீன் பழமொழி நெடுங்காலமாக வழங்குகிறது. ஒருவருக்குக் கசப்பது இன்னொருவருக்கு இனிக்கும், அவரவர் நாக்கு அவரவருக்கு என்பது அதன் அடிப்படை. கேட்பதற்குப் பெருந்தன்மையான கொள்கை. ஆனால் இதைச் சொல்பவர்களே இதன்படி நடப்பதில்லை. தனக்குப் பிடித்த படத்தைக் குப்பை என்று ஒருவர் சொன்னால், "அவருடைய நாக்கு வேறு" என்று யாரும் அமைதியடைவதில்லை, "சரியாகப் பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறார்கள். சரியாகப் பார்ப்பது என்று ஒன்று இருந்தால், தவறாகப் பார்ப்பது என்றும் ஒன்று உண்டு.

ஸ்காட்லாந்து தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரை இந்த முரணிலிருந்தே தொடங்குகிறது. அழகு பொருளில் இல்லை, பார்ப்பவர் மனத்தில் எழும் உணர்வில்தான் இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் எல்லா உணர்வும் சமம் என்ற முடிவுக்கு அவர் போவதில்லை. அதற்கு அவர் எடுத்துக்கொள்வது டான் கிஹோட்டே நாவலில் வரும் ஒரு கதை. ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்து இருவர் தீர்ப்புச் சொல்கிறார்கள். மது நல்லதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல் வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது.

இந்தக் கதையின் பலம் சாவியில் இருக்கிறது. சுவைத்தவர்களின் உணர்வு அவர்களுடையதுதான். ஆனால் அந்த உணர்வை எழுப்பிய ஏதோ ஒன்று பீப்பாய்க்குள் இருந்தது. படத்திலும் அப்படித்தான். பின்பாதி இழுவை என்று ஒருவருக்குத் தோன்றினால், முன்பே தெரிந்துவிட்ட செய்தியை இரண்டு பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் மறுபடி சொல்லிக்கொள்ளும் காட்சி அங்கே இருக்கலாம். கதை முடிந்த பிறகும் கிளைக்கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். பீப்பாய் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கேசட்டைப் பின்னால் ஓட்டினால் போதும்.

நல்ல தீர்ப்பாளரிடம் ஹ்யூம் எதிர்பார்க்கும் தகுதிகள் நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், முன்முடிவின்மை, நல்லறிவு. வாரத்துக்கு இரண்டு படம் எடுப்பவருக்கு இவற்றில் பயிற்சியும் ஒப்பீடும் தானாகவே வந்துவிடுகின்றன. இருபது பேய்ப் படம் பார்த்தவர் இருபத்தொன்றாவதில் கதவு தானாகத் திறக்கும்போது பயப்படமாட்டார்; அந்தக் காட்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். வாடகைக் கடை வாடிக்கையாளருக்கு எளிதில் வராதது முன்முடிவின்மை. பிடித்த நடிகருக்காகவே எடுத்த கேசட்டில் அந்த நடிகரைக் குறை சொல்ல மனம் வராது.

ஹ்யூம் தன் அளவுகோலுக்கு இரண்டு விலக்குகளும் தருகிறார். மனிதர்களின் இயல்பு வேறுபடுகிறது. அவரவர் காலமும் நாடும் வேறுபடுகின்றன. ரோமானிய எழுத்தாளர்களில் இருபது வயதில் ஓவிட், நாற்பதில் ஹொரேஸ், ஐம்பதில் டாசிட்டஸ் பிடிப்பதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று அவர் விட்டுக்கொடுக்கிறார். பதினெட்டு வயதில் உருகி உருகிப் பார்த்த காதல் படத்தை நாற்பத்தைந்தில் எடுத்துப் பார்த்து நெளிபவர் தன் பழைய கருத்து பிழை என்று நினைக்க வேண்டியதில்லை. ஹ்யூமின் சொந்தத் தீர்ப்புகளில் ஒன்றும் காலத்தில் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம். ஆங்கில எழுத்தாளர்களான அடிசனையும் பன்யனையும் சமமாக வைப்பவர் மண்மேட்டை மலையோடு ஒப்பிடுபவர் போன்றவர் என்று அவர் எழுதினார். மண்மேடு என்று அவர் கருதியது பன்யனை. இன்று பன்யன் பரவலாக வாசிக்கப்படுகிறார். அடிசன் பாடத்திட்டத்தில் உயிர்வாழ்கிறார்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில் இதே சிக்கலை வேறு வழியில் பிரிக்கிறார். கேனரித் தீவு மது இனிமையானது என்று ஒருவர் சொன்னால், "எனக்கு" என்று அவரைத் திருத்தலாம்; அவர் ஒப்புக்கொள்வார். ஒன்றை அழகானது என்று சொன்னால் அப்படித் திருத்த முடியாது. அழகு என்று சொல்பவர் தன்னைப் பற்றி மட்டும் பேசவில்லை. மற்றவர்களும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்ற கணிப்பு அல்ல இது, ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை. படங்களைப் பற்றிய சண்டைகளின் சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. பிடித்த ஐஸ்கிரீமுக்காக நண்பர்கள் மனஸ்தாபம் கொள்வதில்லை. பிடித்த படத்துக்காகக் கொள்கிறார்கள்.

காண்ட் இதோடு நிற்காமல் மறுபக்கத்தையும் அடைக்கிறார். கோரிக்கை உண்டு, ஆனால் அதை நிறுவ நிரூபணம் கிடையாது. ஒரு கவிதையோ நாடகமோ தனக்குப் பிடிக்காதபோது, பெயர்பெற்ற விமர்சகர்களின் விதிகளை எத்தனை அடுக்கினாலும் தான் காதைப் பொத்திக்கொள்வேன் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். உலகப் பட விழாக்களில் விருது வாங்கிய படத்தை எடுத்துவந்து, மதிப்புரைகளையெல்லாம் படித்த பிறகும், உள்ளே ஒன்றும் நிகழாமல் உட்கார்ந்திருப்பவர் காண்டின் துணையைத் தாராளமாக நாடலாம். அவர் செய்யக் கூடாதது ஒன்றுதான்: உள்ளே நிகழாததை நிகழ்ந்ததாகச் சொல்வது. படம் பார்க்காமலே விமர்சனத்தை ஒப்பிப்பவரின் கருத்து சரியாகவே இருந்தாலும், காண்டின் கணக்கில் அது ரசனைத் தீர்ப்பே அல்ல.

காண்டிடம் குறையும் உண்டு. பார்ப்பவர் எங்கே, எப்படி, எந்த மனநிலையில் உட்கார்ந்து பார்த்தார் என்பது அவருக்குப் பெரிய பொருட்டல்ல. பற்றற்ற மனத்தோடு பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த மனத்தை எப்படி வரவழைப்பது என்ற நடைமுறைக் கேள்வியை நாடகக் கொட்டகையை அறிந்த இந்திய மரபுதான் விரிவாக ஆராய்ந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை எட்டாக வகுக்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சுவைகளை எட்டாகச் சொல்கிறது. காஷ்மீரத்துச் சைவ அறிஞர் அபிநவகுப்தர் 11ஆம் நூற்றாண்டை ஒட்டி அந்நூலுக்கு எழுதிய உரையில், சாந்தத்தை ஒன்பதாவதாக நிலைநாட்டியதோடு, சுவை பிறக்காமல் தடுக்கும் இடையூறுகள் ஏழு என்று கணக்கிட்டார்.

அந்த ஏழும் வாடகைப் படம் பார்ப்பவரின் வீட்டை நேரில் பார்த்து எழுதியவை போல இருக்கின்றன. காட்டப்படுவது நடக்கக்கூடியதுதான் என்ற நம்பிக்கை எழாமை ஒன்று. இது படத்தின் குறை. இது எனக்கு நேர்ந்தது அல்லது அவருக்கு நேர்ந்தது என்று தன் இடத்திலும் காலத்திலுமே ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. திரையில் ஒரு தகப்பன் கடனில் மூழ்கும்போது பார்ப்பவருக்குத் தன் வீட்டுத் தவணை நினைவுக்கு வந்தால், அவர் துக்கப்படுவது உண்மை. ஆனால் அவர் சுவைப்பது படத்தை அல்ல. மூன்றாவது, தன் சொந்த இன்பதுன்பங்களில் அமிழ்ந்திருப்பது. அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்தவருக்கு எந்த நகைச்சுவையும் சிரிப்பு வரவழைக்காது. நான்காவது, புலனுக்கு எட்டும் வழியிலேயே குறை. கேமரா பிரிண்டில் திரைக்கு முன்னால் யாரோ எழுந்து போகும் தலை தெரிவதும், தேய்ந்த நாடாவில் படம் அடியில் நெளிவதும் இதில் அடங்கும். தெளிவின்மை, முதன்மையான உணர்வு எதுவென்று துலங்காமை, ஐயம் ஆகியவை எஞ்சியவை.

இந்தப் பட்டியலின் மதிப்பு அதன் நேர்மையில் இருக்கிறது. ஏழில் சில படைப்பாளியின் தவறு, சில பார்ப்பவரின் தவறு, சில இருவருக்கும் இடையில் உள்ள கருவியின் தவறு. "படம் பிடிக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் இந்த மூன்றில் எது நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொந்தத் துயரத்தில் அமிழ்ந்தவரை மீட்கத்தான் நாடகத்தில் பாட்டு, வாத்தியம், அலங்கரித்த மண்டபம் எல்லாம் இருக்கின்றன என்கிறார் அபிநவகுப்தர். திரையரங்கின் இருளும் பெரிய திரையும் ஒலியும் செய்யும் வேலையும் அதுதான். இவை அலங்காரம் மட்டும் அல்ல. பார்ப்பவரைத் தன்னிடமிருந்து விலக்கிக் கொண்டுபோகும் ஏற்பாடு. வீட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. அழைப்பு மணி அடிக்கும், குக்கர் விசில் வரும், யாராவது வந்து இதுவரை நடந்த கதையைக் கேட்பார்கள். வீட்டில் பார்த்த படம் பிடிக்காமல் போனால் பழியில் ஒரு பங்கைக் கூடத்துக்கும் கொடுத்தாக வேண்டும். மாறாக, வீட்டின் எல்லா இடையூறுகளையும் மீறி ஒரு படம் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தால், அதன் சார்பில் அது வலுவான சாட்சி.

படம் பார்த்த பிறகு சொல்லும் கருத்தோடு விஷயம் முடிவதில்லை. வாடகைக் கடையில் படத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தீர்ப்பு. அது பார்த்த பின் சொல்லும் தீர்ப்போடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இப்போதே பார்க்கப் படம் கேட்டபோது பலர் பொழுதுபோக்குப் படங்களையும், பின்னொரு நாளுக்கு எடுத்துவைக்கச் சொன்னபோது 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' போன்ற கனமான படங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். கேத்தரின் மில்க்மன் குழுவினர் ஆஸ்திரேலியாவில் அஞ்சல்வழி டிவிடி வாடகை நிறுவனமொன்றின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைவானது. பார்க்க வேண்டிய படம் என்று மக்கள் கருதும் படங்கள், பார்க்க ஆசைப்படும் படங்களைவிட அதிக நாள் வீட்டில் தங்கின. ஆவணப்படம் அலமாரியில் தூசி படியக் கிடந்தது; அடிதடிப் படம் உடனே திரும்பிப் போனது.

நல்லது எது என்று தெரிந்திருந்தும் வேறொன்றைச் செய்யும் இந்தப் பலவீனத்தை அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் நினைத்தது உணவையும் காமத்தையும் கோபத்தையும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கென்று மூன்று வாரமாக மேசைமேல் கிடக்கும், ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படத்தை அல்ல. ஆனாலும் தர்க்கம் அதுவே. தூசி படிந்த அந்த டிவிடி ஒரு செய்தியைச் சொல்கிறது: பிடித்த படமும் நல்ல படமும் ஒன்றே என்று வாதாடுபவர்களும் தங்கள் அலமாரியில் இரண்டையும் பிரித்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

எடுத்த படங்களின் பட்டியலை வைத்து ஆளை எடைபோடலாமா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக ராபர்ட் போர்க் முன்மொழியப்பட்டபோது, அவர் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 கேசட்டுகளின் பட்டியலை வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. ஹிட்ச்காக் படங்கள் போன்ற, எவரும் எடுக்கக்கூடிய படங்கள்தான் அதில் இருந்தன. அவர் நியமனம் நிறைவேறவில்லை. அதற்கான காரணங்கள் வேறு. ஆனால் பட்டியல் வெளியானதில் இரு கட்சியினரும் அதிர்ந்துபோனார்கள். வீடியோ வாடகை விவரங்களை வெளியிடத் தடைவிதிக்கும் சட்டம் 1988இல் வந்தது. பட்டியல் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதே இதில் தத்துவத்துக்கு ஆர்வமூட்டும் பகுதி. ஒருவர் எதை எடுத்தார் என்பது தெரியும். அதில் அவருக்கு என்ன நிகழ்ந்தது என்பது தெரியாது. ரசனை அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

நிரூபணம் இல்லையென்றால் காரணம் எதற்கு என்ற கேள்வி காண்டுக்குப் பிறகு நெடுநாள் நின்றது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆர்னால்ட் ஐசன்பர்க் 1949இல் எழுதிய கட்டுரை இதற்கு எளிய விடை ஒன்றைத் தந்தது. விமர்சகர் தரும் காரணம் முடிவை நிறுவுவதற்கு அல்ல, கண்ணைத் திருப்புவதற்கு. "அந்தக் காட்சியில் அவள் கையைப் பார்" என்று ஒருவர் சொல்கிறார், மற்றவர் பார்க்கிறார், முன்பு தெரியாதது தெரிகிறது, அல்லது தெரியவில்லை. வாதம் அங்கே முடிகிறது. இந்த விளக்கத்தின்படி சாதாரணப் பார்வையாளருக்கும் விமர்சகருக்கும் உள்ள தூரம் பெரிதல்ல. இடத்தைச் சுட்டிக்காட்டத் தெரிந்தவர் எவரும் விமர்சகரே. நடிப்பு அருமை, இசை பிரமாதம், ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி என்று துறை துறையாக மதிப்பெண் போடும் வழக்கம் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் பாராட்டு எந்தப் படத்தைப் பற்றியதும் அல்ல.

சுட்டிய இடத்தை மறுபடி பார்ப்பது கேசட் வருவதற்கு முன் எளிதாக இருக்கவில்லை. ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் சினிமாவைப் பற்றி 1971இல் வெளியிட்ட நூல் பெரிதும் நினைவை நம்பியே எழுதப்பட்டது. காட்சி விவரிப்புகளில் சில பிழைகள் நேர்ந்திருப்பதை அவர் 1979இல் விரிவாக்கிய பதிப்பில் ஒப்புக்கொண்டு, படம் என்பது பார்த்தவர் மனத்தில் தங்கியதும்தான் என்று தற்காத்தும் பேசினார். 'நியூயார்க்கர்' இதழின் விமர்சகர் பாலின் கேல் எதிர்முனையில் நின்றார். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்பதைத் தன் வழக்கமாகவே அவர் சொல்லிக்கொண்டார். முதல் பார்வையின் சூட்டில்தான் உண்மை இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அவர் எழுத்தின் உயிரோட்டத்துக்கு இந்தப் பழக்கம் உதவியிருக்கலாம். ஆனால் அளவுகோலைப் பற்றிய கேள்வியில் அவர் பக்கம் பலவீனமானது. முதல் பார்வையில் எழுந்த உணர்வு எப்போதும் மெய்யானது. அது படத்தில் இருந்து வந்ததா, அன்றைய மாலையிலிருந்து வந்ததா என்பதை முதல் பார்வையே சொல்லிவிட முடியாது.

இரண்டாம் வாய்ப்பு ஒரு படத்தின் விதியையே மாற்றியதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஃப்ராங்க் டாரபான்ட் இயக்கிய 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்'. சுமார் 2.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 1994இல் வெளியான அது முதல் ஓட்டத்தில் செலவைக்கூட எடுக்கவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் ஒரு விருதும் வரவில்லை. 1995இல் கேசட்டாக வந்ததும் அமெரிக்காவில் அந்த ஆண்டு மிக அதிகமாக வாடகைக்குப் போன படங்களில் ஒன்றாயிற்று. படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. தலைப்பு புரியாததாலும், சிறைக்கதை என்ற பயத்தாலும் அரங்குக்கு வராதவர்கள், நண்பர் ஒருவர் சொன்னார் என்பதற்காகச் சில டாலர் கொடுத்து எடுத்துப் பார்த்தார்கள். மேடைக் கருத்துகளும் விளம்பரமும் செய்யாததைக் காலைநேரப் பேச்சு செய்தது. காலத்தின் சோதனையை ஹ்யூம் நூற்றாண்டுகளில் அளந்தார். இங்கே அது ஒன்றிரண்டு ஆண்டுகளில் நடந்து முடிந்தது. அந்தப் படத்துக்கு இப்போதுள்ள புகழ் அதன் தகுதிக்குச் சற்று அதிகம் என்று வாதிட இடமுண்டு. அப்படி வாதிடுபவரும் காட்சிகளைச் சுட்டித்தான் வாதிட வேண்டும்.

இந்த விவாதம் முழுவதையும் எண்ணாக மாற்றும் முயற்சியும் நடந்தது. 1997இல் தொடங்கி, மறு ஆண்டு முதல் அஞ்சலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிய நெட்ஃப்ளிக்ஸ், பார்த்த படத்துக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கச் சொன்னது. 2006இல் அது ஒரு போட்டியை அறிவித்தது. சுமார் 4,80,000 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குக் கொடுத்திருந்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தந்து, ஒருவர் அடுத்த படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்பதைத் தங்கள் கணிப்பைவிட 10 சதவீதம் துல்லியமாகச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்றது. பரிசு 2009இல்தான் கைமாறியது. வென்ற குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் மதிப்பெண் ஒன்றே. இருபது நிமிடம் முந்திக்கொண்டவர்கள் வென்றார்கள்.

போட்டியில் வெளிப்பட்ட சில செய்திகள் தத்துவ நூல்களுக்குத் துணை நிற்கின்றன. ஒரே ஆள் ஒரு நாள் தாராளமாகவும் இன்னொரு நாள் கறாராகவும் நட்சத்திரம் போடுகிறார். அந்தந்த நாளுக்கென்று தனித் திருத்தம் சேர்த்தால்தான் கணக்கு சரிப்பட்டது. ஒரே உட்காரலில் பல படங்களுக்கு மதிப்பெண் போடுபவர் நேற்றுப் பார்த்ததையல்ல, எப்போதோ பார்த்து மனத்தில் தங்கியதை மதிப்பிடுகிறார். அந்த எண்கள் வேறு மாதிரி நடந்துகொண்டன. சொந்த இன்பதுன்பங்களில் அமிழ்தல் என்று அபிநவகுப்தர் சொன்ன இடையூறு, இங்கே நீக்க வேண்டிய பிழையாகக் கணினியில் பதிவானது.

கணக்குக்கு அடங்காத படங்களும் இருந்தன. அவற்றில் பேர்போனது 2004இல் வெளியான 'நெப்போலியன் டைனமைட்'. ஐடஹோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாய் எப்போதும் பாதி திறந்திருக்கும் ஒரு மாணவனைப் பற்றிய, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படம். அதற்கு விழுந்தவை பெரும்பாலும் ஐந்து நட்சத்திரம், அல்லது ஒன்று. மற்ற எல்லாப் படங்களிலும் ஒத்துப்போகும் இரண்டு பேர் இதில் எதிரெதிராக நின்றார்கள். ஹ்யூமின் முதல் விலக்கான இயல்பு வேறுபாட்டுக்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைக்காது. அந்தப் படத்தை நல்லது என்பவரோ மோசம் என்பவரோ கவனக்குறைவாகப் பார்த்தவர் அல்லர். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டி, ஒருவர் சிரிக்கிறார், மற்றவர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட படங்கள் சிலவே என்பதால் அளவுகோல் பொய்யாகிவிடாது.

பரிசு பெற்ற முழுக் கணக்குமுறையையும் நெட்ஃப்ளிக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று விட்டுவிட்டது. 2017இல் நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டு, மேலே தூக்கிய கட்டைவிரலையும் கீழே கவிழ்த்த கட்டைவிரலையும் வைத்தது. நட்சத்திரம் போடச் சொன்னபோது மக்கள் ஆவணப்படத்துக்கு ஐந்தும் தினமும் பார்க்கும் வேடிக்கைத் தொடருக்கு மூன்றும் போட்டார்கள். அதாவது, கேட்காமலே நல்லதையும் பிடித்ததையும் பிரித்துப் போட்டார்கள். கட்டைவிரலுக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. இதுபோல் இன்னொன்று வேண்டுமா என்பதே அதன் கேள்வி, காண்ட் "எனக்கு" என்று திருத்தச் சொன்ன பக்கம் மட்டும். வியாபாரத்துக்கு அது போதுமானது. ரசனைத் தீர்ப்புக்குப் போதாது. அஞ்சலில் டிவிடி வாடகைக்கு அனுப்புவதையும் அந்த நிறுவனம் 2023 செப்டம்பர் 29 அன்று நிறுத்திக்கொண்டது.